சென்னை எங்கே போச்சு?

உங்கள் ஜாமெட்ரி பாக்சில் இருக்கும் ஸ்கேலைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். ஏறக்குறைய உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும், இல்லையா? அந்த அளவுள்ள ஒரு சின்னஞ்சிறு மரத்துண்டு என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. அந்தத் துண்டின் பெயர் என்ன தெரியுமா? சென்னை!

கதையை முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நான் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், வாரத்தில் ஒரு நாள் ஊர்ப் பள்ளிக்குப் போய் சமூக அறிவியல் சொல்லிக் கொடுப்பேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பிறவியிலேயே அவனுக்குக் கண் தெரியாது. விரலால் தடவி பிரெய்ல் படிப்பான். மனக்கணக்கில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது.

ஒரு நாள் சுவரில் தமிழ்நாடு வரைபடத்தை மாட்டி, "யாருக்கு என்ன சந்தேகம், கேளுங்கள்" என்றேன். அவன் கை தூக்கினான்.

"சார், மேப்புல எங்கண்ணன் எங்க இருக்கான்?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அவனைப் பொறுத்தவரை சென்னை என்பது ஒரு ராத்திரி தூரம். அது எந்தத் திசை, எப்படிப்பட்ட இடம் என்று தெரியாது.

அவனைக் கூட்டிப் போய், அவன் விரலைப் பிடித்து வரைபடத்தின் மேல் வைத்தேன். "இதுதாம்ப்பா நம்ம ஊர். இது சென்னை."

அவன் அங்கும் இங்கும் தடவிப் பார்த்தான். "எல்லா இடமும் வழவழன்னு ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் வரைபடம் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது வெறும் வழவழப்பான தாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது! போதாக்குறைக்கு அது 2019க்கு முந்தைய வரைபடம். அதில் தென்காசி என்ற மாவட்டமே கிடையாது. திருநெல்வேலிக்குள் இருந்தது.

வரைபடத்தை அறுத்தவர்

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தடவிப் பார்த்தால் தெரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனித் துண்டாக இருக்க வேண்டும். கையில் எடுக்கவும், மறுபடி பொருத்தவும் முடிய வேண்டும். அதாவது, ஒரு ஜிக்சா புதிர்!

ஜிக்சா புதிர் பிறந்ததே வரைபடத்தில் இருந்துதான் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்று ஒருவர் இருந்தார். செப்புத் தகட்டில் வரைபடங்களைச் செதுக்கி அச்சடிப்பது அவர் தொழில். ஒரு வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டின் மேலேயே ரம்பத்தால் அறுத்துத் துண்டு துண்டாக்கினார். பிள்ளைகள் அதைச் சேர்த்துச் சேர்த்தே பூகோளம் படித்தார்கள். ரயிலும், கோட்டையும், நாய்க்குட்டியும் படமாக வரும் ஜிக்சாக்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஆசிரியர் பயிற்சியில் படித்த காலத்தில், எங்களுக்குக் கைவேலை வகுப்பு உண்டு. நூல் மாதிரி மெல்லிய அலகு உள்ள ரம்பத்தால் பிளைவுட்டை அறுத்திருக்கிறேன். ஆனால் இந்த வயதில் 38 மாவட்டங்களை அறுக்க கை ஒத்துழைக்குமா? நடுக்கத்தில் மதுரையின் பாதி சிவகங்கைக்குப் போய்விடும்!

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்திதான் வழி சொன்னாள். "தாத்தா, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல லேசர் கட்டிங் கடை இருக்குல்ல? பேர்ப் பலகை, பரிசுக் கேடயம் எல்லாம் வெட்டிக் கொடுப்பாங்களே, அங்க கேப்போம்."

ஒளியால் வெட்டும் கத்தி

வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருக்கிறீர்களா? வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள்! பரந்து விழும் வெயிலை, கண்ணாடி ஒரே புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளி சூடேறிக் காகிதம் கருகுகிறது. லேசர் வெட்டும் இயந்திரத்திலும் கடைசியில் நடப்பது இதுதான். ஒரு லென்ஸ், ஒளியை முடி அளவுப் புள்ளியாகக் குவிக்கிறது. அந்தப் புள்ளி பட்ட இடத்தில் மரம் ஆவியாகவும் புகையாகவும் போய்விடுகிறது.

ஆனால் அந்த ஒளி வெயில் அல்ல. நீளமான ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வேறு சில வாயுக்களுடன் அடைத்து, மின்சாரம் செலுத்தினால் லேசர் கதிர் கிடைக்கிறது. சில கண்ணாடிகள் அதைத் திருப்பித் திருப்பி, தண்டவாளம் போன்ற கம்பிகளின் மேல் ஓடும் தலைப்பகுதிக்குக் கொண்டு வருகின்றன. முதல் லேசரை 1960ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் உருவாக்கினார். அதில் இருந்தது ஒரு மாணிக்கக் கல். இந்தக் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964ல் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? மகாராஷ்டிராவில் உள்ள பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த குமார் படேல்! கண்டுபிடித்தபோது அவருக்கு 26 வயதுகூட நிறைந்திருக்காது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதிர் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத கதிர்தான் அதிக ஆபத்து. அதனால்தான் இயந்திரத்துக்கு மூடி இருக்கிறது. மூடி திறந்தால் கதிர் நின்றுவிட வேண்டும். பலகை தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், ஓடும்போது ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக்கை இதில் வெட்டவே கூடாது. அதில் இருந்து வரும் குளோரின் கலந்த நச்சுப் புகை நுரையீரலைக் கெடுக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது படம் போடுவது. இயந்திரத்தை ஓட்டுவது கடைக்காரர் வேலை.

முதல் படம், முதல் அடி

இயந்திரத்துக்குப் புகைப்படத்தைக் கொடுத்தால் வெட்டத் தெரியாது. கோடு வேண்டும். இந்தப் புள்ளியில் இருந்து அந்தப் புள்ளிக்கு, இப்படி வளைந்து போ என்று சொல்லும் கோடு. கடையில் கோரல் டிராவில் வரைகிறார்கள். என் பேத்தி, காசு கொடுக்காமலே கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் வரைந்தாள். வெட்ட வேண்டிய கோட்டுக்குச் சிவப்பு, மேலாகக் கீறினால் போதும் என்ற கோட்டுக்கு நீலம் என்று கடைக்காரத் தம்பியிடம் பேசி வைத்துக்கொண்டோம்.

முதல் தடவை 30 சென்டிமீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டை வரைந்து கொடுத்தோம். வெட்டி முடிக்க நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. புகை கமறியது. துண்டுகளை எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கரிக்கட்டை!

"சார், ஒரே கோட்டுல ரெண்டு தடவ ஓடுது. நீங்க டபுளா வரைஞ்சிருக்கீங்க" என்றார் அந்தத் தம்பி.

உண்மைதான். நாங்கள் மதுரையைத் தனியாகச் சுற்றி ஒரு கோடு, விருதுநகரைத் தனியாகச் சுற்றி ஒரு கோடு என்று வரைந்திருந்தோம். இரண்டுக்கும் பொதுவான எல்லையில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. திரையில் பார்த்தால் ஒரே கோடாகத்தான் தெரியும்! இயந்திரமோ சொன்னதைச் செய்யும். இரண்டு தடவை வெட்டிவிட்டது. கூலியை நிமிடக் கணக்கில் வாங்குகிறார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, வெட்டியது வெட்டியதுதான் என்று கரியைத் துடைத்து வகுப்புக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். அந்தப் பையன் ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஓரத்தை விரலால் சுற்றிப் பார்த்து, இடத்தைத் தேடித் தேடி வைத்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று தெற்கில் இருந்து ஏறிக்கொண்டே போனான். கடைசியில் சென்னை மட்டும்தான் பாக்கி.

சென்னையைக் காணோம்!

பெஞ்சுக்கு அடியில் தேடினோம். பைகளை உதறினோம். பெருக்கிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அவன் அந்தக் காலி இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு கேட்டான்: "அப்போ இந்தக் குழிதான் சென்னையா சார்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

தப்பு எங்கே நடந்தது? நான் முதலில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தெற்கு முனையில் இருந்து வடக்கு எல்லை வரை சுமார் 610 கிலோமீட்டர். அதை 30 சென்டிமீட்டரில் அடக்கினால், ஒரு மில்லிமீட்டர் என்பது 2 கிலோமீட்டர். சென்னை மாவட்டத்தின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். மாவட்டங்களிலேயே மிகச் சிறியது. சுமாராக 20 கி.மீ. நீளம், 20 கி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், துண்டு 10 மில்லிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர். கோடி மக்களின் ஊர் ஒரு சுண்டுவிரல் நகம் ஆகிவிட்டது. தொலையாமல் என்ன செய்யும்?

ஆகவே இரண்டாவது தடவை, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று முடிவு செய்தோம். உயரம் 61 சென்டிமீட்டர், அகலம் சுமார் 45. சுற்றிலும் சட்டம் வைத்தாலும், கடையில் உள்ள 90க்கு 60 சென்டிமீட்டர் மேஜையில் படுக்க வைத்து வெட்டலாம். இதில் சென்னை இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். கையில் பிடிக்கலாம். இந்த அளவில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஸ்கேலை வைத்து அளந்தால் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை கிலோமீட்டர். வகுத்தலும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம்.

பொம்மைகளைச் சோதிக்கிறவர்கள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எங்கள் புதுச் சென்னையும் அந்தக் குழாய்க்குள் விழுந்துவிடும். ஆகவே வகுப்பில் வைத்துக்கொள்ளலாம், தம்பி பாப்பா தவழும் வீட்டில் கூடாது. நீங்கள் புதிர் செய்யும்போதும், யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். வடிவமைப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அளவை மாற்றியதும் வேறு சிக்கல்கள் தலை தூக்கின. உண்மையான எல்லைக் கோடு ஆறு போல நெளிந்து நெளிந்து ஓடும். அப்படியே வெட்டினால் ஈர்க்குச்சி போன்ற நீட்டல்கள் உடைந்துபோகும். பலகையின் கனத்தைவிட மெல்லிய கழுத்து எந்தத் துண்டிலும் இருக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, நெளிவுகளை நேராக்கினோம். ராமேஸ்வரம் தீவையும், அதன் வாலாக நீளும் தனுஷ்கோடியையும் என்ன செய்வது? தொட்டாலே உடையும். ஆனால் விட்டுவிட மனம் வரவில்லை. அதைத் தனியாக வெட்டி, கடலின் மேல் நிரந்தரமாக ஒட்டிவிட்டோம். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் தமிழ்நாடு அல்ல, யூனியன் பிரதேசம். அவற்றையும் அடிப்பலகையில் ஒட்டிவிட்டோம். பழைய வரைபடமாக இருந்திருந்தால் இன்னொரு வேடிக்கை நடந்திருக்கும். அப்போது நாகப்பட்டினம் மாவட்டம் தனித்தனியாக இரண்டு பகுதிகளாகக் கிடந்தது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு துண்டு! 2020 டிசம்பரில் வடக்குப் பகுதி மயிலாடுதுறை மாவட்டம் ஆனதால் நான் பிழைத்தேன்.

சேதாரம் பார்த்தீர்களா?

நகைக் கடையில் அம்மா, "சேதாரம் எத்தனை சதவீதம்?" என்று கேட்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நகை செய்யும்போது பொடியாகவும் தூளாகவும் போகும் தங்கம்தான் சேதாரம். லேசருக்கும் சேதாரம் உண்டு. தொழில் செய்பவர்கள் அதைக் கெர்ஃப் என்கிறார்கள். படத்தில் கோட்டுக்குத் தடிமன் இல்லை. ஆனால் கதிருக்கு இருக்கிறது. அது போன வழியில் இருந்த மரம் காணாமல் போய்விடும்.

எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்துக் கட்டைகளை வெட்டச் சொல்லுங்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்து அளந்து பாருங்கள். 100 மில்லிமீட்டர் வர வேண்டும் அல்லவா? எங்களுக்கு 98 தான் வந்தது. பத்துக் கட்டையில் 2 மில்லிமீட்டர் போனால், ஒரு கட்டைக்கு 0.2. அதாவது கதிரின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் 0.1, மறுபக்கத்தில் 0.1. இயந்திரத்துக்கு இயந்திரம், பலகைக்குப் பலகை இது மாறும். ஆகவே ஒவ்வொரு தடவையும் அளந்தே ஆக வேண்டும்.

வரைபடப் புதிருக்கு இந்த 0.2 இடைவெளி நல்லது. துண்டுகள் முட்டாமல், அழுத்தாமல் உட்காரும். ஆனால் மாதிரி வண்டி, மாதிரி வீடு என்று பொருத்திக் கட்டும் பொருள் செய்தால் இதே 0.2 உங்கள் எதிரி. என் பேத்தி அதே சமயத்தில் தனக்காக ஒரு மாட்டு வண்டி வரைந்தாள். பசையே வேண்டாம், ஒரு பலகையின் நாக்கு இன்னொரு பலகையின் பிளவில் செருகி நிற்க வேண்டும் என்று திட்டம். பலகையின் கனம் 3 மில்லிமீட்டர். ஆகவே பிளவையும் 3 மில்லிமீட்டர் என்றே வரைந்துவிட்டாள். வெட்டி வந்ததும் பிளவு 3.2 ஆகிவிட்டது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் ஒரு பக்கம், நுகத்தடி ஒரு பக்கம் விழுந்தது! அடுத்த தடவை 2.8 என்று வரைந்தாள். சிக்கென்று பிடித்துக்கொண்டது. கடையில் 3 என்று சொல்லித் தரும் பலகை சில சமயம் 2.7 ஆகவும், 3.2 ஆகவும் இருக்கும். பெயரை நம்பாதீர்கள், வெர்னியரை நம்புங்கள்.

295 மணிகள்

இனி விரலுக்கு வருவோம். பலகைகளை அடுக்கும் முறையை மாற்றினோம். அடியில் 3 மில்லிமீட்டர் பலகை. அதன்மேல், தமிழ்நாட்டு வடிவத்தில் பள்ளம் வெட்டிய இன்னொரு 3 மில்லிமீட்டர் பலகை. பள்ளத்தைச் சுற்றி இருப்பது கடலும், பக்கத்து மாநிலங்களும். மாவட்டங்களை மட்டும் 5.5 மில்லிமீட்டர் பலகையில் வெட்டினோம். இப்போது தரை, கடலைவிட இரண்டரை மில்லிமீட்டர் உயரமாக நிற்கிறது. தடவினால் கடற்கரை தானாகவே தெரியும். கடலில் லேசரால் அலை அலையாகக் கீறிவிட்டோம். ஒவ்வொரு துண்டின் மேல் ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கினோம். கரி கையில் ஒட்டாமலும் ஆயிற்று, இரண்டு மாவட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் போல எல்லையும் கிடைத்தது.

பெயர் எழுதுவதுதான் கஷ்டமாகிவிட்டது. பிரெய்ல் எழுத்துக்கு மேடான புள்ளிகள் வேண்டும். லேசருக்குத் தோண்டத்தான் தெரியும், மேடு போடத் தெரியாது! புள்ளியைச் சுற்றியுள்ள இடத்தை எல்லாம் செதுக்கி எடுத்தால் புள்ளி மேடாக நிற்கும். ஆனால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கூலியை நினைத்தால் தலை சுற்றியது. பேத்தி, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சின்னக் குழி போடச் சொன்னாள். குழியில் ஒரு சொட்டுப் பசை, அதன்மேல் ஒரு சிறிய பாசிமணி. மேடு தயார்!

பெயர் முழுவதையும் எழுத இடம் போதாது. ஒரு பிரெய்ல் எழுத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். ஆகவே மாவட்டங்களுக்கு 1 முதல் 38 வரை எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தனித் தாளில் பிரெய்லில் தயாரித்தோம். பிரெய்லில் எண்ணுக்கு முன்னால் 'இது எண்' என்று சொல்லும் ஒரு குறி வர வேண்டும். ஓரிலக்க எண்ணுக்கு 12 மில்லிமீட்டர், ஈரிலக்க எண்ணுக்கு 18 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் சென்னைக்கு எந்த எண் கொடுத்திருப்போம்? ஒன்று!

எண் குறிக்கு 4 புள்ளிகள். 1 முதல் 9 வரை உள்ள இலக்கங்களுக்கு முறையே 1, 2, 2, 3, 2, 3, 4, 3, 2 புள்ளிகள். பூஜ்யத்துக்கு 3. ஆக மொத்தம் 38 துண்டுகளுக்கும் எத்தனை மணிகள் வேண்டும்? நான் 295 என்று கணக்குப் போட்டேன். சரிதானா என்று நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டினோம். நான் ஒட்டியதில் பாதி கோணல். பேத்தி பிடுங்கிவிட்டு மறுபடி ஒட்டினாள்.

பலகையின் மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதை வீணாக்காமல் உபரியாக நாலு சென்னை வெட்டி வைத்துக்கொண்டேன். இனி தொலைந்தால் கவலை இல்லை!

நீங்கள் ஆரம்பிக்க...

எடுத்த எடுப்பில் வரைபடம் வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி என்னென்ன உருவம் வரும் என்று வரையுங்கள். திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாக இருப்பவற்றை ஒரே உருவம் என்று கொள்ளுங்கள். சரியாக 12 உருவங்கள் கிடைக்கும். பென்டோமினோ என்று 1953ல் சாலமன் கோலம்ப் இதற்குப் பெயர் வைத்தார். 12 உருவத்திலும் சேர்த்து 60 சதுரங்கள். 6க்கு 10 பெட்டியில் இவற்றை அடுக்க 2,339 வழிகள் உண்டு. முதல் வழியைக் கண்டுபிடிக்கவே உங்களுக்கு ஒரு விடுமுறை நாள் போய்விடும். 3க்கு 20 பெட்டி என்றால் இரண்டே இரண்டு வழிதான்! எல்லாம் நேர்கோடு என்பதால், லேசரில் வெட்டக் கொடுக்கும் முதல் படத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. பெட்டியை மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிதாக வரையுங்கள்.

பொருத்தும் மாதிரி செய்ய ஆசையா? பழைய அட்டைப் பெட்டி போதும். யானையின் உடம்பை ஒரு அட்டையிலும், கால்களை இரண்டு அட்டையிலும் வரைந்து வெட்டுங்கள். கால் அட்டையில் மேலிருந்து பாதி உயரம் வரை பிளவு. உடம்பு அட்டையில் கீழிருந்து பாதி வரை பிளவு. ஒன்றுக்குள் ஒன்று செருகினால் யானை நிற்கும். பிளவின் அகலம் அட்டையின் கனம் அளவுக்கு இருக்க வேண்டும். கத்திரிக்கோலில் வெட்டிச் சரியாக நிற்கும் படத்தைத்தான் கடைக்குக் கொண்டு போக வேண்டும். அட்டையில் ஆடும் யானை பலகையிலும் ஆடும். கடைக்குப் போகும்போது, எந்தக் கோட்டை வெட்ட வேண்டும், எதைக் கீற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உள்ளே உள்ள ஓட்டைகளை முதலில் வெட்டி, வெளிக் கோட்டைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். வெளிக் கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும். அப்புறம் யானையின் கண் தும்பிக்கைக்குப் போய்விடும்.

மூணு சாண்

புது வரைபடத்தை வகுப்புக்கு எடுத்துப் போனோம். பையன் முதலில் சட்டத்தைச் சுற்றித் தடவினான். அலைக் கீறல் வந்ததும், "இது கடலா சார்?" என்றான். அப்புறம் துண்டுகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். போன தடவை மாதிரி தெற்கில் இருந்து வரவில்லை. முதலிலேயே எண் ஒன்றைத் தேடி எடுத்தான். வடகிழக்கு மூலையில், கடலை ஒட்டி, அது டக்கென்று உட்கார்ந்தது. அதன்மேல் இருந்து கையை எடுக்கவே இல்லை. மற்ற கையால்தான் தென்காசியைத் தேடினான்.

இரண்டையும் வைத்த பிறகு, கையை விரித்துச் சாண் போட்டு அளந்தான். மூன்று சாணுக்குக் கொஞ்சம் கூட. ஒரு பிள்ளை ஸ்கேல் வைத்துப் பார்த்து 56 சென்டிமீட்டர் என்றாள்.

"அப்போ 560 கிலோமீட்டர்" என்றான் அவன், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சார், பஸ் இப்படி நேராவா போகும்?" என்று கேட்டான்.

போகாது. ராஜபாளையம், மதுரை, திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு என்று வளைந்துதான் போகும். அதைச் சொன்னதும், "அந்த ரோட்டையும் போட்டுத் தாங்க சார்" என்று சொல்லிவிட்டான்.

இது லேசருக்குச் சுலபமான வேலை. அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் கீறினால், விரல் அதிலேயே ஓடிவிடும். ஆனால் சாலை ஒரு மாவட்டத் துண்டில் இருந்து அடுத்த துண்டுக்குத் தாண்டும் இடத்தில், இரண்டு பக்க வாய்க்காலும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். உப்புத்தாளில் தேய்த்த சரிவிலும் அது அழிந்துவிடக் கூடாது. பேத்தியும் நானும் இப்போது அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம். விழுப்புரம் வரை வந்துவிட்டோம்.